கொங்குச் சாலையில் எலெக்ட்ரிக் எஸ்யூவி: ஏற்றம், இறக்கம், திருப்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. இரண்டு வருடமாக எலெக்ட்ரிக் எஸ்யூவி ஓட்டுகிறேன். சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் வாங்கிய வண்டிகளையும் கெஞ்சிக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஏனுங்க, இதுல எது நல்லா ஓடுமுங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறார். விலை, சார்ஜர், மானியம் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். ஓட்டும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும் இங்கே.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி அளவை யூனிட் என்றே எழுதுகிறேன். இபி பில்லில் வரும் அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. என் வண்டி எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றதெல்லாம் அதற்கு வக்காலத்து மாதிரி ஆகிவிடும்.

எது வேகம்? எண்களைச் சொல்லுங்கள்.

கம்பெனிகள் அறிவித்தபடி, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட ஆகும் நேரம் இது. டாடா நெக்ஸான் இவி, 45 யூனிட் பேட்டரி, 145 பிஎஸ் (குதிரைத்திறன்): 8.9 நொடி. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், 51.4 யூனிட், 171 பிஎஸ்: 7.9 நொடி. பிஒய்டி அட்டோ 3, 204 பிஎஸ்: 7.3 நொடி. மஹிந்திரா பிஇ 6, 79 யூனிட், 286 பிஎஸ்: 6.7 நொடி. அதன் உடன்பிறப்பு எக்ஸ்இவி 9இ: 6.8. டாடா ஹாரியர் இவி, இரண்டு மோட்டார் வைத்தது: 6.3. பிஒய்டி சீலயன் 7, இரண்டு மோட்டார், 530 பிஎஸ்: 4.5 நொடி. எம்ஜி விண்ட்சர் 136 பிஎஸ்தான். அதை எஸ்யூவி என்று சொல்லலாமா என்பதே தனி வாக்குவாதம். ஆனாலும் நம் ஊரில் இவற்றோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு ஷோரூமுக்குப் போனால் பாதி ஏமாந்த மாதிரிதான். ஏறும்போதும் நேரே போகும்போதும் எல்லா எலெக்ட்ரிக் வண்டியும் சூரன்தான். இறங்கும்போதும் வளையும்போதும் குழியில் விழுந்து எழும்போதும்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்தை எந்த விளம்பரத் தாளிலும் அச்சடிப்பதில்லை.

அப்படியானால் அந்த 8.9, 6.7 எதற்கும் உதவாதா?

சிக்னலில் பக்கத்து வண்டிக்காரனை மிரட்ட உதவும். நமக்கு உண்மையில் வேண்டியது 50-லிருந்து 90 வரை எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பது. உடுமலை–தாராபுரம் சாலையையோ காங்கேயம் சாலையையோ நினைத்துப் பாருங்கள். முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி, அல்லது பல்லடத்துக் கோழி வேன், அதிர்ஷ்டம் கெட்ட நாளில் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. 45-ல் உருண்டுகொண்டிருக்கும். எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. நீங்கள் 80-ல், எதிரே வருபவரும் 80-ல் என்றால் உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு நொடிக்கும் 44 மீட்டர் குறைகிறது. முந்துவதில் இரண்டு நொடி மிச்சமானால் கிட்டத்தட்ட 90 மீட்டர் மிச்சம்.

இங்கேதான் எலெக்ட்ரிக் வண்டி தன் குணத்தைக் காட்டும். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் மிதித்தால் கியர் இறங்கி, டர்போ விழித்து, அப்புறம் இழுக்கும். இதில் அந்த 'அப்புறம்' இல்லை. மிதித்த கணமே இழுவை. ஆகவே 8.9 நொடி நெக்ஸான்கூட லாரியை முந்துகிற வேலையில், தாளில் அதைவிட வேகமாகத் தெரியும் சில பெட்ரோல் வண்டிகளைவிட நம்பிக்கையாக இருக்கிறது. பிஇ 6, ஹாரியர் போன்றவை இன்னும் சுலபமாக முந்தும், சந்தேகமில்லை. ஆனால் 140 பிஎஸ்ஸுக்கு மேல் கிடைத்துவிட்டால் இருவழிச் சாலைக்கு அது போதும் என்பதே என் அபிப்பிராயம். அதற்கு மேல் உள்ளது ஆசைக்கு.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கும்போது பல வண்டிகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். 80 விழுக்காட்டில் பாய்ந்த வண்டி 8 விழுக்காட்டில் பாயாது. கடைசிக் கட்டத்தில் முந்தும் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

முன் சக்கர இழுவை, பின் சக்கர இழுவை. ஓட்டுகிறவனுக்கு இதில் என்ன தெரியும்?

நெக்ஸான், டாடாவின் கர்வ், கிரெட்டா, விண்ட்சர், அட்டோ 3 எல்லாம் முன் சக்கரத்தால் இழுப்பவை. பிஇ 6, எக்ஸ்இவி 9இ, ஒரு மோட்டார் ஹாரியர் இவி ஆகியவை பின்னால் இருந்து தள்ளுபவை.

மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாயும், முன் சக்கரம் இலேசாகும். இரண்டு மூட்டை சிமென்ட்டைப் பின்னால் வைத்துக் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல்லில் மேடு ஏறியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைநாளில் வால்பாறைக் கொண்டை ஊசி ஒன்றில் மெதுவாக்கி, வளைந்துகொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். முன் சக்கர வண்டியில் உள்பக்கச் சக்கரம் ஒரு கணம் சுற்றும், டிராக்ஷன் கண்ட்ரோல் விளக்கு மினுக்கும், ஸ்டீரிங் கையில் லேசாக இழுக்கும். ஆபத்தில்லை, ஆனால் நாசூக்கும் இல்லை. பின் சக்கர வண்டி அதே இடத்தில் எதுவும் நடக்காதது போல ஏறிப் போகும். முன் சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை மட்டும், தள்ளுகிற வேலை பின்னால் இருப்பவனுக்கு.

இறங்கும்போது கதை தலைகீழ். எடை முன்னால் வந்துவிடுகிறது. மோட்டாரே பிரேக்காக மாறுவது, அதுதான் ரீஜென், மோட்டார் இருக்கும் அச்சில் மட்டும் நடக்கும். முன் சக்கர வண்டியில் அது எடை உட்கார்ந்திருக்கும் சக்கரத்திலேயே நடப்பதால் பிடிப்பு உறுதி. பின் சக்கர வண்டியில் இலேசான சக்கரத்தில் நடக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் வித்தியாசம் தெரியாது. ஈரத்திலும் உதிர்ந்த இலைமேலும் பலமான ரீஜென் வைத்து இறங்கினால், பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கியதுமே கணினி ரீஜெனை விட்டுவிடும். வண்டி ஒரு கணம் 'விட்டேன்' என்று முன்னால் ஓடுவது போல இருக்கும். முதல் தடவை வயிற்றைக் கலக்கும். மழையில் ரீஜெனை ஒரு படி குறைத்து, காலை பிரேக் மேலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அப்போ நாலு சக்கர இழுவையே வாங்கிவிடலாமா?

வால்பாறையில் எஸ்டேட் வேலை, தோட்டத்துக்கு மண்பாதை, அதிலும் மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கும் கரிசல் என்றால் வாங்குங்கள். இரண்டு மோட்டார் ஹாரியர் இவியில் 504 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருக்கிறது. அது இரண்டு அச்சுக்கும் பிரிந்து போகிறது, எந்தச் சக்கரம் சுற்றினாலும் கணினி உடனே மற்றதற்கு மாற்றுகிறது. டீசல் நாலு சக்கர வண்டியில் இவ்வளவு நுணுக்கமாகச் செய்வது கடினம்.

தார்ச்சாலையை விட்டு வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் குலதெய்வக் கோயிலுக்கு இறங்குகிறவருக்கு அது தேவையில்லை. இன்னொரு மோட்டாரின் எடையைத் தினமும் சுமந்து ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, குறைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

ஊட்டி ஏறினால் சார்ஜ் எவ்வளவு குடிக்கும்?

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம், பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆக 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். ஆட்களோடும் சாமானோடும் 1,800 கிலோ இருக்கும் சிறிய எஸ்யூவியைத் தூக்க மட்டும் 9 யூனிட்டுக்குச் சற்று மேல். பெரிய வண்டி, எல்லாம் சேர்த்து 2,400 கிலோ என்றால் 12 யூனிட்டுக்குச் சற்று மேல். இதோடு மோட்டாரில் வீணாவது, டயர் உருளுவது, ஏசி எல்லாம் சேர்த்தால் குன்னூர் வழியாக அந்த 50 சொச்சம் கிலோமீட்டருக்குச் சின்ன வண்டி 15, 16 யூனிட்டும் பெரியது 20 யூனிட்டும் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு, 79 யூனிட் பேட்டரியில் கால் பங்கு.

ஏறும்போது ரேஞ்ச் எண் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துப் பயந்து பர்லியாரிலேயே திரும்பி வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பயப்பட வேண்டியதில்லை. வண்டி கடைசிச் சில கிலோமீட்டரை வைத்து அந்த எண்ணைக் கணிக்கிறது, மலை முடியும் என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு லாபம் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு சக்தியை இழக்கும், ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மின்மோட்டார் மூச்சு விடுவதில்லை. மேட்டுப்பாளையத்தில் இழுத்த அதே இழுவையை லவ்டேலிலும் இழுக்கும்.

இறங்கும்போது பிரேக் பிடிக்குமா? கியர் இல்லையே?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். கேட்பவர்தான் குறைவு.

டீசல் வண்டியில் இரண்டாம் கியரைப் போட்டு எஞ்சினைக் கத்தவிட்டு இறங்கிப் பழகியவர்கள் நாம். அந்த எஞ்சின் பிரேக்கிங்கின் இடத்தில்தான் இங்கே ரீஜென் இருக்கிறது. அதைவிட நன்றாகவே பிடிக்கும். இறங்கும் சக்தியை வெப்பமாக்கி வீணடிக்காமல் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பவும் செய்கிறது. ஏறும்போது செலவானதெல்லாம் திரும்பி வராது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் மூன்று நான்கு யூனிட் கூடும் என்று எதிர்பாருங்கள். அதைவிட முக்கியம், மூன்றில் இரண்டு திருப்பங்களில் பிரேக் பெடலையே தொட வேண்டியிருக்காது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் இரவு தங்கினோம். சார்ஜர் இருந்தது, அறை வாடகையில் சேர்ந்ததுதான் என்றார்கள். ஓசி என்றதும் கொங்குப் புத்தி வேலை செய்தது. இரவே சொருகிவிட்டுத் தூங்கினேன், காலையில் 100 விழுக்காடு. மேட்டுப்பாளையம் நோக்கி இறங்க ஆரம்பித்தால் வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது. திரையில் ரீஜென் குறைக்கப்பட்டுள்ளது என்று செய்தி. நிரம்பிய குடத்தில் எங்கே தண்ணீர் ஊற்றுவது? பேட்டரி நிறைந்திருந்தால் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடமில்லை, அதனால் மோட்டார் பிடிப்பதை நிறுத்திவிடுகிறது. கியரும் இல்லை. சாதாரண பிரேக் மட்டும்தான். காட்டேரி தாண்டி ஏழெட்டு வளைவுகளுக்குள் கருகின வாசம் வந்துவிட்டது. ஓரம் கட்டி, அரை மணி நேரம் பிரேக்கை ஆறவிட்டு, குரங்குகளுக்கு என் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுத்துவிட்டு இறங்கினேன்.

அன்றிலிருந்து மலைமேல் 80 விழுக்காட்டைத் தாண்டி ஏற்றுவதில்லை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியை அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள். அதைக் கீழே வீட்டில் செய்துகொள்ளுங்கள்.

வண்டிகளை ஒப்பிடும்போது ரீஜெனை எப்படி மாற்றுவது என்று பாருங்கள். நெக்ஸானிலும் கிரெட்டாவிலும் ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளால் விரலாலேயே கூட்டலாம், குறைக்கலாம். திருப்பத்துக்கு முன் கூட்டு, திருப்பம் முடிந்ததும் குறை. பழகிவிட்டால் கியர் போடும் சுகம் திரும்பி வரும். சில வண்டிகளில் இதற்குத் திரைக்குள் புகுந்து தேட வேண்டும். மலையில் இறங்கிக்கொண்டே திரையைத் தடவும் வண்டியை நான் வாங்க மாட்டேன்.

பேட்டரி எடை அதிகமாச்சே. வளைவில் சாயாதா?

சாய்வது குறைவு. எடை இருக்கும் இடம்தான் காரணம். பேட்டரி முழுவதும் தரைக்குக் கீழே படுத்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, கனம் அடியில். உயரமான டீசல் எஸ்யூவி ஆழியாறு வளைவில் கப்பல் மாதிரி சாயுமே, அது இங்கே பாதிதான்.

ஆனால் சாயாமல் இருப்பதும் பிடித்து நிற்பதும் வேறு வேறு. இரண்டு டன்னைத் தாண்டும் வண்டி வளைவில் வெளிப்பக்கம் போக விரும்புவதை எந்தத் தாழ்ந்த ஈர்ப்பு மையமும் தடுக்காது. டயர்தான் தடுக்க வேண்டும். சாய்வே இல்லாததால் வேகம் உறைக்காது. 40-ல் போகிறோம் என்று நினைத்தால் மீட்டரில் 58 இருக்கும். சத்தமும் இல்லை. பெரிய வண்டிகளில் இதுதான் எனக்கு உண்மையான பயம்.

ஒப்பிட்டால் பிஇ 6 இவற்றில் இறுக்கமானது. உடம்பைக் கட்டுப்பாட்டில் வைத்து வளையும், ஓட்டுகிறவருக்கான வண்டி. எக்ஸ்இவி 9இ அதே அடித்தளம்தான், கொஞ்சம் குடும்பஸ்தன். ஹாரியர் இவி மெத்தென்று இருக்கும், அசைவும் கொஞ்சம் அதிகம். கிரெட்டா எதிலும் அதிகப்பிரசங்கித்தனம் செய்யாது. விண்ட்சரும் அட்டோ 3-உம் சொகுசுக்குப் பிறந்தவை, மலையில் விரட்டினால் முணுமுணுக்கும். நெக்ஸான் சின்ன உடம்பு என்பதால் குறுகலான சாலையில் எல்லாரையும்விட நிம்மதி.

ஸ்பீடு பிரேக்கர், குழி?

நம் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் ஸ்பீடு பிரேக்கர்களைக் கணக்கில் வைத்துத்தான் இதைப் பேச வேண்டும். எடையைத் தாங்க ஸ்பிரிங் இறுக்கமாக வைக்கப்பட்டிருப்பதால், தனியாகப் போகும்போது சின்ன மேடுகள் நறுக்கென்று தெரியும். நான்கு பேர் ஏறினால் அதே வண்டி பதமாகிவிடும். நெக்ஸான், கிரெட்டா, விண்ட்சரில் பின் இரண்டு சக்கரமும் ஒரே டார்ஷன் பீமில் இணைந்தவை. ஒருபக்கக் குழி மறுபக்கத்துக்கும் கொஞ்சம் தெரியும். பிஇ 6, எக்ஸ்இவி 9இ, ஹாரியர் இவியில் பின் சக்கரங்கள் தனித்தனி. உடைந்த சாலையில் ஹாரியர் அசத்துகிறது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

சக்கர அளவையும் பாருங்கள். நெக்ஸானுக்கு 16 அங்குலம், கிரெட்டாவுக்கு 17, பெரியவற்றுக்கு 18, 19, பிஇ 6-இல் 20 வரை. அங்குலம் ஏற ஏறப் பார்க்க அழகு, ரப்பர் சுவர் மெலிவு, குழியில் ரிம் அடிவாங்கும் வாய்ப்பு அதிகம். 20 அங்குலம் கல்யாண ஊர்வலத்துக்கு நல்லது.

கொண்டை ஊசியில் ஒரே வெட்டில் திரும்புமா?

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. கொங்கில் வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் தங்கள் உருவத்துக்கு ஆச்சரியமாகத் திரும்பும், சுமார் 10 மீட்டர் வட்டத்துக்குள். முன்னால் மோட்டாரும் அச்சுத்தண்டும் இல்லாததால் முன் சக்கரங்களுக்கு மடங்க இடம் அதிகம், பின் சக்கர இழுவையின் கூலி அது. பெரிய முன் சக்கர வண்டிகள் கொஞ்சம் அகலமாகப் போகும். எதிரே அரசு பஸ் இறங்கி வந்தால் அந்த அரை மீட்டரின் அருமை தெரியும். ஏறுகிறவருக்குத்தான் வழி விட வேண்டும் என்பது விதி. அதை பஸ்ஸிடம் எடுத்துச் சொல்ல முயலாதீர்கள்.

ஆடிக்காற்றில் தள்ளுமா?

உடுமலைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. உடுமலை–பல்லடம் சாலை வடக்கு தெற்காகப் போவதால் காற்று நேராக விலாவில் அடிக்கும். கனமும் அது தாழ்வாக இருப்பதும் இங்கே உங்கள் பக்கம். இலேசான பெட்ரோல் எஸ்யூவிகள் அலைபாயும் இடத்தில் எலெக்ட்ரிக் வண்டி ஊன்றி நிற்கிறது. லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் மட்டும் இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்கட்டும்.

காற்று காட்டும் கோபம் ரேஞ்சில்தான். கோவையிலிருந்து வாளையாறு நோக்கிப் போகிறீர்கள், வண்டி 80, எதிர்க்காற்று 30 என்றால் வண்டிக்கு அது 110-ல் போவதற்குச் சமமான காற்றுத் தடை. தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், கிட்டத்தட்ட இரட்டிப்பு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும்.

பைபாஸில் 100-ல் போனால் சொன்ன ரேஞ்ச் கிடைக்குமா?

கிடைக்காது. அறிவித்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எதிர்பாருங்கள், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால். 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். உயரமான பெட்டி போன்ற வண்டிகளுக்கு அடி பலம். கூரை சரிந்த பிஇ 6, கர்வ் போன்றவற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 90-ல் போனால் எல்லா வண்டியும் நல்ல வண்டி.

தொடர்ந்து விரட்டினால் சூடாகிச் சக்தி குறையுமா?

சாலையில் ஓட்டுகிறவருக்கு இது வராது. சித்திரை வெயிலில் கரூர் வரை போய், உடனே வேகச் சார்ஜரில் போட்டு, மறுபடி விரட்டினால் சார்ஜ் ஏறும் வேகம் குறையலாம், விசிறி லாரி மாதிரி இரையலாம், அவ்வளவுதான். பந்தயத் தடத்தில் கதை வேறு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் நம்மூர்க்காரர். ஆகவே இங்கே கார் வைத்திருக்கும் இளவட்டத்தில் பாதிப் பேருக்குத் தடம்மேல் ஒரு கண். இரண்டு டன் எஸ்யூவியைக் கொண்டுபோய் அங்கே சுற்றினால் முதலில் கைவிடுவது டயர், அடுத்து பிரேக். பேட்டரி மூன்றாவதாகத்தான்.

டயர் சீக்கிரம் தேயுமா?

தேயும். எடையும் உடனடி இழுவையும் சேர்ந்து தின்னும். கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் உருளும் தடையைக் குறைக்கச் செய்தது, ரேஞ்சுக்கு நல்லது, ஈரத்தில் பிடிப்பு சுமார். என் வண்டியில் தேய்ந்ததும் ஈரப்பிடிப்பு நல்ல டயராகப் பார்த்து மாற்றினேன். ரேஞ்ச் கொஞ்சம் குறைந்தது. மழையில் வால்பாறை இறங்கும்போது தோள்பட்டை இறுக்கமும் குறைந்தது. மாற்றும்போது எடை தாங்கும் குறியீட்டை மட்டும் குறைத்து வாங்கிவிடாதீர்கள்.

பின் சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வருகிறதே?

என் அத்தை முதல் பயணத்திலேயே ஆழியாறில் இறங்கி, "இனி பஸ்ல வந்துக்கறேன் சாமி" என்று சொல்லிவிட்டார். காரணம் வண்டியல்ல, என் கால். பலமான ரீஜென் வைத்து ஒற்றைப் பெடலில் ஓட்டினால் காலை எடுத்த உடனே வண்டி பிடிக்கும், வைத்த உடனே பாயும். ஓட்டுகிறவருக்கு அது விளையாட்டு, பின்னால் இருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் இல்லாததால் எப்போது பாயும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியவும் வழியில்லை. ஈகோ மோடு, நடு ரீஜென், ஆக்சிலேட்டரை மெல்ல விடுவது. அத்தை இப்போது முன் சீட்டில் வருகிறார், கையில் எலுமிச்சம்பழம் தனி.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது?

கோவையில் அவிநாசி சாலை மேம்பாலத்தின் மேல் பத்து கிலோமீட்டர் வழவழவென்று ஓட்டிக் காட்டித் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள். அதில் எந்த வண்டியும் தங்கம்தான். கீழே இறக்கி, கெட்ட சாலை ஒன்றில் விடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து மூன்று பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஒருவர் பின் சீட்டில் நடுவில். 25-ல் ஸ்பீடு பிரேக்கர் ஏறி அடி உரசுகிறதா என்று காது கொடுங்கள். 50-லிருந்து 90 ஒரு முறை. காலி இடத்தில் 60-லிருந்து அழுத்தமான பிரேக். ரீஜென் முடிந்து உண்மையான பிரேக் தொடங்கும் இடத்தில் பெடல் குழைகிறதா, சீராக இருக்கிறதா என்று பாதம் சொல்லும். இதில் வண்டிக்கு வண்டி நிறைய வித்தியாசம்.

கடைசியில் நீங்கள் எதைத்தான் சொல்கிறீர்கள்?

டவுனும் தோட்டமும், மாதம் ஒரு தடவை மலை என்றால் கிரெட்டா, நெக்ஸான் அளவே போதும். மிச்சப் பணத்தில் தோட்டத்தில் ஒரு போர்வெல் போடலாம். ஓட்டுவதே சுகம் என்பவருக்கு பிஇ 6. கூட்டுக் குடும்பம், கெட்ட சாலை, எஸ்டேட் என்றால் ஹாரியர் இவி. 4.5 நொடி சீலயனை நம் சாலையில் எங்கே ஓட்டுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. வாங்கியவர் கூப்பிட்டால் பக்கத்து சீட்டில் உட்கார ஆட்சேபணை இல்லை.

சத்தமே இல்லையே, காட்டு வழியில் விலங்குகளுக்குத் தெரியுமா?

மெதுவாகப் போகும்போது பல வண்டிகள் லேசாக ஒரு ஓசை எழுப்பும், அவ்வளவே. போன மாதம் வால்பாறைச் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி தாண்டி வரையாடு ஒன்று நடுரோட்டில் நின்றது. டீசல் வண்டி என்றால் சத்தம் கேட்டே நகர்ந்திருக்கும். பத்தடி தூரத்தில் நான் வந்து நின்றது அதற்குத் தெரியவே இல்லை. ஹாரன் அடிக்க மனம் வரவில்லை. பின்னால் வந்த பஸ் அடிக்கும் வரை இருவரும் அப்படியே நின்றோம்.